கடைசிக் கம்பத்து வீடு

செவ்வாய்க்கிழமை, மத்தியானம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று கை தன்பாட்டில் எழுதிவிட்டது. அதை அடித்தேன். அடித்தது உனக்குத் தெரியக் கூடாதென்று வேறு தாள் எடுத்தேன். இப்போது அதையும் நானே உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மனசு ஓய்ந்துபோனால் இப்படித்தான் போலிருக்கிறது.

நேற்றுத்தானே போனில் பேசினோம், இன்றைக்கு என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்ல முடியாத சங்கதி இது. அப்பா இப்போது எங்கேயும் போவதில்லை. போன் அடித்தால் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், குட்டியின் சத்தம் கேட்க வேண்டுமாம். உன்னிடம் தனியாகப் பேசலாம் என்று போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனால், "அங்க டவர் கிடைக்காதே, வெளிய வந்து பேசேன்" என்று அக்கறையாகக் கூப்பிடுகிறார். முப்பது வருஷம் வீட்டில் தங்காத மனுஷன் இப்போது காலடியிலேயே இருக்கிறார். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அப்பாவின் கையைப் பற்றிக் கேட்டாய். தோள் மூட்டு சரியாக உட்கார்ந்துவிட்டது. வலது புறங்கையில் தீய்ந்த காயமும் ஆறிவிட்டது. தோல் மட்டும் வழவழவென்று, வேறு யாருடைய தோலையோ எடுத்து ஒட்டினதுபோல் இருக்கிறது. நடுவிலுள்ள மூன்று விரல்களும் மடங்கவில்லை. டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து தினமும் நூறு தடவை அழுத்தச் சொன்னார். அப்பா பந்தைப் பார்க்கிறார், பந்து அப்பாவைப் பார்க்கிறது. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். அப்போது முகத்தை மேலே தூக்கிக் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது நீயும் அப்படித்தான் நிற்பாய்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சொல்லிவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். கம்பத்தில் கம்பியைப் புறங்கையால் தொட்டதால் பிழைத்தார் என்கிறான் ஒல்லி. நீ இருந்தபோது ஐந்து லைன்மேன்கள் இருந்தார்கள் இல்லையா, இப்போது அப்பாவும் ஒல்லியும் மட்டும்தான் மிச்சம். உள்ளங்கையால் பிடித்தால் கரண்ட் விரல்களை மடக்கி, கம்பியோடு சேர்த்து இறுக்கிக்கொள்ளுமாம். புறங்கையால் தொட்டால் கை தானாக உதறி விலகிவிடுமாம். அப்பாவுக்கு அது உடம்பில் ஊறின பழக்கம். உனக்குக் காய்ச்சல் என்றாலும் புறங்கையால்தான் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். காய்ச்சலுக்கும் அதுதான், கம்பிக்கும் அதுதான்.

நம் தெருவை இப்போது பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. நீ போனபோது இரண்டு வீட்டு மாடியில்தான் சோலார் இருந்தது. இப்போது நம் மாடியில் நின்று பார்த்தால் கண் கூசுகிறது, அத்தனை தகடுகள். எதிர்வீட்டு டீச்சர் தினமும் காலையில் துணி நனைத்துத் தன் வீட்டுத் தகட்டைத் துடைக்கிறார். அவர் பிள்ளைகள் முகம் கழுவினார்களா என்று அவருக்குத் தெரியாது. குறை சொல்லவும் முடியாது. கரண்ட் காலையில் இழுத்துப் பறித்துக்கொண்டு வரும், ஒரு மணிக்குப் போனால் பொழுது சாயும்போதுதான் எட்டிப் பார்க்கும். எத்தனை வருஷம்தான் ஜனங்கள் காத்திருப்பார்கள்? வசதி உள்ளவர்கள் வெயிலின் பக்கம் போய்விட்டார்கள். இல்லாதவர்களுக்குத்தான் இந்தக் கம்பமும் கம்பியும்.

முன்பெல்லாம் கரண்ட் போனால் நம் வாசலில் ஒரு கூட்டம் நிற்குமே, நினைவிருக்கிறதா? லைன்மேன் வீட்டில் மட்டும் எரிகிறதா என்று எட்டிப் பார்க்கவே சிலர் வருவார்கள். அதற்காகவே அப்பா ஒரு எமர்ஜென்சி விளக்குகூட வாங்க விடவில்லை. ஊர் இருட்டில் இருந்தால் நாமும் இருட்டில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். இப்போது கரண்ட் போனால் யாரும் வருவதில்லை. திட்டக்கூட ஆளில்லை. அதுதான் அவரை உள்ளுக்குள் அரித்தது என்று நினைக்கிறேன். திட்டினால் பதிலுக்குத் திட்டலாம், மறந்தவர்களை என்ன செய்வது?

நீ சோலார் தகடு அனுப்பியபோது வீட்டில் நடந்த கூத்தை உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. "ஊருக்கே கரண்ட்டு குடுக்கறவன் வீட்டுல வெயில்ல விளக்கெரிஞ்சா என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கறது" என்றார். என் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைக் காட்டித்தான் நான் சம்மதம் வாங்கினேன். இருபத்தொரு நாள் ஒரே சூட்டில் இருக்க வேண்டிய முட்டைகள் அவை. அதற்கு முந்தின தடவை பத்தொன்பதாம் நாள் கரண்ட் போய், பாதிக்கு மேல் ஓட்டுக்குள்ளேயே போய்விட்டன. ஓட்டை உடைத்துப் பார்த்தால் அலகு, நகம், இறகு எல்லாம் வந்திருந்தது. அதை அப்பாவும் பார்த்தார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். தகடும் பேட்டரியும் இன்வர்ட்டரும் பின்பக்க ஷெட்டோடு நிற்க வேண்டும், அதிலிருந்து ஒரு வயர்கூட வீட்டுக்குள் வரக் கூடாது. சரி என்றேன். அதற்குப் பிறகு ஒரு முட்டை வீணாகவில்லை. நீ பிறந்த வீட்டுக்கு எத்தனையோ செய்திருக்கிறாய், அவற்றில் இது பெரியது. இதை இங்கே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இனி நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு, தகடு வாங்கித் தந்தது உன் தப்பு என்று நீ தலையில் அடித்துக்கொள்ளக் கூடாது.

மனு விஷயத்துக்கு வருகிறேன். மாசக் கடைசிக்குள் தலைமை அலுவலகத்துக்கு எழுதப்போவதாகச் சொன்னாய். ஃபியூஸை எடுத்துவிட்டுத்தான் கம்பத்தில் ஏறினார், அறுந்த கம்பியில் கரண்ட் எங்கிருந்து வந்தது, ஏதோ ஒரு வீட்டுச் சோலார்தான் லைனில் பாய்ந்திருக்கிறது, அந்த வீட்டைக் கண்டுபிடிக்காமல் அப்பா ஏன் "என் கவனக்குறைவு" என்று எழுதிக் கொடுத்தார் என்று கேட்டாய். கேள்வியெல்லாம் சரி. நீ லைன்மேன் மகள், உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசிக் கம்பத்திலிருந்து மூன்றே இணைப்புகள்தான் போகின்றன. ஒன்று பூட்டிக் கிடக்கிற வீடு, ஒன்று டயர் கடை, ஒன்று நாம். டயர் கடையில் சோலார் இருக்கிறது, ஆகவே டயர் கடைக்காரர்தான் என்று முடிவு கட்டி, மனுவில் அவர் பெயரையும் போடப்போவதாகச் சொன்னாய்.

அந்தப் பெயரைப் போடாதே. அவர் இல்லை. நாம்தான். நான்தான்.

இத்தனை பத்தியாகச் சுற்றி வளைத்துவிட்டு, இப்படிப் பட்டென்று எழுதுகிறேனே என்று நினைக்காதே. ஒரு மாசமாக இதைச் சொல்ல வாயெடுத்து வாயெடுத்து மூடிக்கொண்டிருக்கிறேன். எப்படித் தொடங்கினாலும் கடைசியில் இந்த ஒரு வார்த்தைதான்.

நடந்தது இது. அப்பா ஒன்றரை மணிக்குச் சாப்பிட வருவார். கரண்ட் இருக்காது. கூரை அடுப்பாகக் கொதிக்கும். பெட்டிக்குத் தேவையானது போக ஷெட்டில் வெயில் கரண்ட் மிச்சமிருக்கும், இங்கே இந்த மனுஷன் காலையிலிருந்து கம்பம் கம்பமாக ஏறி இறங்கிவிட்டு, வெறும் தரையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார். அரைமணி கண்ணசந்தால்தான் சாயங்காலம் வரைக்கும் உடம்பு தாங்கும். எத்தனை நாள் அதைப் பார்த்துக்கொண்டு இருப்பது?

ஷெட்டில் ஒரு ஆணி இருக்கிறதே, அப்பா பறிமுதல் செய்த வயர்களை மாட்டிவைப்பாரே, அந்த ஆணி. இரண்டு முனையிலும் பிளக் மாட்டின வயர்கள். ஒரு முனையை இன்வர்ட்டரில் செருகி, இன்னொரு முனையைச் சுவரில் இருக்கிற பிளக் பாயின்ட்டில் செருகினால் வீடு முழுக்கக் கரண்ட் வந்துவிடும். மெயின் சுவிட்சை இறக்காமல் செருகினால் அது வீட்டைத் தாண்டித் தெருக்கம்பிக்கும் போய்விடும். எந்த வீட்டில் அந்த மாதிரி வயரைப் பார்த்தாலும் அப்பா பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவார். "இது வயரில்ல, எமன் கயிறு" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்திவிட்டு வருவார். நேரம் கிடைக்கும்போது பிளக்கை வெட்டி எறியலாம் என்று ஆணியில் மாட்டிவைப்பார். அவருக்கு எங்கே நேரம் கிடைத்தது? ஒன்பது வயர்கள் சேர்ந்திருந்தன. ஊரில் வேறு எந்த வீட்டிலும் ஒன்றுக்கு மேல் இருக்காது. லைன்மேன் வீட்டில் ஒன்பது.

அதில் ஒன்றை எடுத்தேன். முதலில் மெயினை இறக்குவேன், பிறகு வயரைச் செருகுவேன். அவர் வந்ததும் "இப்பத்தாங்க கரண்ட்டு வந்துச்சு" என்று சொல்வேன். மின்விசிறி சுற்றும். அவர் அதன் அடியில் மல்லாந்து படுத்து, இரண்டு நிமிஷத்தில் குறட்டை விடுவார். அவர் போனதும் வயரைப் பிடுங்கி ஆணியில் மாட்டி, சாயங்காலம் கரண்ட் வருவதற்கு முன் மெயினைத் தூக்கிவிடுவேன். மூன்று வாரம் இப்படி நடந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கெட்டிக்காரி என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

அந்த நாளுக்கு முந்தின சாயங்காலம் அடித்த காற்றில்தான் கடைசிக் கம்பத்தருகே கம்பி அறுந்தது. இனி சரிசெய்கிறவரைக்கும் கரண்ட் ஏது என்று மெயினைத் தூக்காமலே விட்டிருந்தேன். மறுநாள் காலை அப்பா கிளம்பும்போது அதைத் தூக்கி, வாசல் பல்பின் சுவிட்சையும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நம் தெருவில் வேலை என்றால் அவர் எப்போதும் செய்வதுதானே அது. கம்பி சேர்த்து ஃபியூஸைப் போட்டதும், கம்பத்திலிருந்தே நம் வாசல் பல்பைப் பார்த்துத்தான் லைன் சரியா என்று தெரிந்துகொள்வார். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்கு எனக்கு நினைவுக்கு வரவில்லை. மெயின் கீழேதான் இருக்கிறது என்று நம்பி, அவர் வருவதற்குள் அறை கொஞ்சம் ஆறட்டும் என்று ஒரு மணிக்கு முன்னாலேயே வயரைச் செருகினேன். பெட்டியில் அன்றைக்குத்தான் குஞ்சுகள் ஓட்டைக் கொத்திக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றபோதுதான் ஒல்லியின் கத்தல் கேட்டது.

இப்போது ஒன்று சொல்கிறேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. கத்தல் கேட்டதும் வாசல் பக்கம் ஓடினேன். நடுவீட்டில் மெயின் மேலே நிற்பதைப் பார்த்தேன். புரிந்துவிட்டது. அதை அங்கேயே இறக்கியிருந்தால் போதும், புத்தி வேலை செய்யவில்லை. திரும்பி ஷெட்டுக்கு ஓடி வயரைப் பிடுங்கினேன். அது சரி. பிடுங்கினதோடு போட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும் இல்லையா? அதைச் சுருட்டி, ஆணியில், மற்ற எட்டு வயர்களோடு மாட்டிவிட்டுத்தான் ஓடினேன். அங்கே கட்டியவர் கம்பத்தில் தலைகீழாகத் தொங்குகிறார், இங்கே என் கை வயரைச் சுருட்டுகிறது. அதற்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? நாலு மூச்சு விடும் நேரம். அந்த நாலு மூச்சைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். தெரு முழுக்க டயர் கடைக்காரரைத்தான் சொல்கிறது. போன வாரம் அவர் வந்து, அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அழுதார். தன் கடை மெயின் அன்றைக்குக் காலையிலிருந்தே இறக்கித்தான் இருந்தது என்று பிள்ளைகள் தலையில் சத்தியம் செய்தார். அப்பா இடது கையால் அவரைத் தூக்கி நிறுத்தி, "நீ இல்லப்பா, எனக்குத் தெரியும்" என்றார். பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். நான் தேநீரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அப்பாவுக்கு நம் வீட்டின் மேல் சந்தேகம் இல்லை. ஷெட்டிலிருந்து ஒரு வயர் வராது என்ற என் வாக்கை நம்புகிறார். எந்த வீடு என்று தெரியாததால் யாரையும் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டார். ஒரு கறுப்புப் புள்ளி இல்லாத முப்பது வருஷம். இப்போது அவருடைய கவனக்குறைவால் நேர்ந்த விபத்து என்று எழுதி அலுவலகப் பலகையில் ஒட்டப் போகிறார்கள், புதிதாக வருகிறவர்களுக்குப் பாடமாக. வெள்ளிக்கிழமை விசாரணை. நான் போய் உண்மையைச் சொன்னால் லைன்மேன் பெண்டாட்டியே லைனில் கரண்ட் விட்டாள் என்று ஊர் சிரிக்கும், அவர் அதைக் கேட்டு உடைந்துபோவார். சொல்லாவிட்டால் அவர் பெயரும் போகும், டயர் கடைக்காரர் பெயரும் போகும். என்ன செய்யட்டும்? இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் வெள்ளிக்கிழமை கடந்துவிடும் என்று தெரியும். தெரிந்தும் உன்னைத்தான் கேட்கிறேன். வேறு யாரைக் கேட்பேன்?

ஞாயிற்றுக்கிழமை, காலை

மேலே இருப்பதைத் தபாலில் போடவில்லை. போடுவதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. கிழிக்கலாம் என்று பார்த்தேன், பிறகு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உன் அம்மா எவ்வளவு பெரிய கெட்டிக்காரி என்று நீயும் தெரிந்துகொள்.

வியாழக்கிழமை மத்தியானம் அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். கரண்ட் இல்லை. விபத்துக்குப் பிறகு நான் அந்த ஆணிப் பக்கமே போவதில்லை. ஒரு அட்டையை எடுத்து அவருக்கு விசிறிக்கொண்டிருந்தேன். கூரையைப் பார்த்தபடியே, "ஒன்றரை மணிக்கு ஒரு கரண்ட்டு வருமே, அது ஏன் இப்பல்லாம் வர்றதில்ல?" என்று கேட்டார்.

அட்டை அப்படியே நின்றுவிட்டது. அவர் முகத்தில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. கேட்டுவிட்டு, பதிலுக்கு அவசரமில்லாதவர் மாதிரி படுத்திருந்தார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வாக்கை மீறினது, மூன்று வாரப் பொய், மெயின், வயரைச் சுருட்டி ஆணியில் மாட்டினது வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. அழுகையில் பாதி அவருக்குப் புரிந்திருக்காது. புரியாமல் என்ன, எல்லாம் ஏற்கெனவே தெரிந்த கதைதான் அவருக்கு.

கம்பத்தில் இடுப்பு வாரில் தலைகீழாகத் தொங்கினாரே, அப்போது கண்ணுக்கு நேராக நம் வாசல் பல்பு தெரிந்ததாம். பட்டப்பகலில் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்ததாம். தெருவில் கரண்ட் இல்லை, ஃபியூஸ் ஒல்லியின் பையில் இருக்கிறது, நம் பல்பு எரிகிறது. ஒல்லி அவரை இறக்கக் கம்பத்தில் ஏறத் தொடங்கியிருக்கிறான். ஏறாதே என்று சொல்ல வாய் வரவில்லையாம். அப்போது பல்பு அணைந்தது. "அப்பாடா, பிடுங்கிட்டா, இனி அவன் ஏறலாம்னு நெனச்சேன். அதுக்கப்புறம் எனக்கு ஞாபகமில்ல" என்றார்.

நான் மன்னிக்க முடியாமல் கிடந்த இடத்தில் இந்த மனுஷன் அப்பாடா என்று மூச்சு விட்டிருக்கிறார். வயரைச் சுருட்டினது பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது என்னுடையது, என்னோடு இருக்கட்டும்.

இன்னொன்றும் சொன்னார். ஆள் குறைந்ததிலிருந்து, மத்தியானம் ஒரு மணிக்கு நம் பகுதி லைனை நிறுத்துகிறதே அவர்தானாம். அவரே கையால் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், நான் வாசலில் நின்று கரண்ட் வந்துவிட்டது என்று சொல்கிறேன்! முதல் நாளே தெரிந்துவிட்டதாம். ஷெட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும், சண்டை போட வேண்டும் என்று நினைத்தாராம். "ஃபேன் காத்து மேல பட்டுச்சு. நாளைக்குப் பேசிக்கலாம்னு தூங்கிட்டேன். மறுநாளும் அப்படித்தான்" என்றார். அன்றைக்குக் காலையில் மெயின் கீழே கிடந்ததைப் பார்த்தபோதும் ஏன் என்று புரிந்ததாம். ஒரு வார்த்தை சொல்லாமல் தூக்கிவிட்டுப் போனாராம். பேசினால் மத்தியானத் தூக்கம் போய்விடுமே என்று. "ஊரெல்லாம் வயரைப் பிடுங்குனவன் என் வீட்டு வயரைப் பாத்தும் பாக்காத மாதிரி இருந்தேன். கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்தது பொய்யில்ல. அதவிடச் சரியான வார்த்தை எனக்குக் கிடைக்கல" என்றார்.

முப்பது வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டது இந்த மூன்று வாரம்தான். அதுவும் எதற்கு, அரைமணி நேரக் காற்றுக்கு.

டயர் கடைக்காரரை என்ன செய்வது என்று கேட்டேன். நீ எழுதப்போகும் மனுவையும் சொன்னேன். எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு, "நம்ம பேரைக் காப்பாத்தப்போயி அவன் பேரு போச்சு. நாளைக்கு நல்ல சட்டையா ஒண்ணு எடுத்து வை" என்றார்.

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் போனோம். விசாரணைக்கு வந்த அதிகாரி சின்ன வயது. அவர் அறையிலும் கரண்ட் இல்லை, கோப்பு ஒன்றால் விசிறிக்கொண்டிருந்தார். நான் சொல்லத் தொடங்கினேன், அப்பா இடையில் புகுந்து தன் பங்கையும் சொன்னார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இதையெல்லாம் தான் கேட்காத மாதிரி இருந்துகொள்ளட்டுமா என்று கேட்டார், நல்ல பிள்ளை. அப்பா, "எழுதுங்க சார். டயர் கடை இல்லன்னு மேல ஒரு வரி போட்டு எழுதுங்க" என்றார். வேலை என்னவாகும், பின்னால் என்ன வரும் என்பதெல்லாம் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தால்தான் தெரியுமாம். ஒன்று மட்டும் உடனே செய்தாக வேண்டும் என்றார் அதிகாரி. லைனில் கரண்ட் விட்ட வீட்டுக்கு இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அதுதான் சட்டம். அந்தச் சட்டத்தின்படி அப்பாவே எத்தனை வீட்டுக் கம்பியை வெட்டியிருக்கிறார்.

நேற்றுக் காலையில் ஒல்லி வந்தான். வேறு யார் வருவார்கள், இருப்பதே அவன் ஒருவன்தானே. ஏணியைச் சாத்திவிட்டு, "என்னால முடியாதுண்ணே" என்று நின்றான். அப்பா ஏணியடியில் போய் நின்றுகொண்டு, இடது கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டார். எந்தக் கம்பியை முதலில் வெட்ட வேண்டும், எதை மடித்துக் கட்ட வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வந்தவனிடம் சொல்வதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒல்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெட்டினான். தெருவில் எல்லோரும் அவரவர் வாசலில் நின்றார்கள். டீச்சர் கையில் ஈரத் துணியோடு அப்படியே நின்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்று எத்தனை நாள் பயந்தேன்.

டயர் கடைக்கு நான்தான் போனேன். கடை வாசலில் நின்று, எல்லோரும் கேட்கும்படி சொன்னேன். அவர் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு மாசமா இந்தத் தெருக்காரங்க யாரும் காத்தடிக்கக்கூட வரலக்கா" என்றார். டியூபைத் திருப்பிக்கொண்டு வேலையைப் பார்த்தார். மன்னித்துவிட்டேன் என்று சொல்வார் என எதிர்பார்த்துப் போனேன் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் அப்பா ஷெட்டுக்கு வந்தார். ஆணியிலிருந்து ஒன்பது வயர்களையும் எடுக்கச் சொன்னார். நான் பிடித்துக்கொள்ள, அவர் இடது கையில் குறடை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிளக்காக வெட்டினார். இடது கைக்குப் பழக்கமில்லை, ஒன்றை வெட்ட இரண்டு மூன்று தடவை அழுத்த வேண்டியிருந்தது. ரப்பர் பந்துக்குப் பதிலாக இதையே செய்யலாம் போல, ஆனால் கை மாறிப்போயிற்று என்றேன். சிரித்தார். ஒரு மாசத்துக்குப் பிறகு சிரித்தார். எந்த வயர் அன்றைக்கு நான் மாட்டினது என்று அவர் கேட்கவில்லை, எனக்கும் அடையாளம் தெரியவில்லை.

பிறகு ஒல்லியை மறுபடி கூப்பிட்டு, ஷெட்டிலிருந்து வீட்டுக்கு முறைப்படி வயர் இழுத்துவிட்டார்கள். இனித் தெருக்கம்பிக்கும் நமக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இந்தத் தெருவில் முழுக்க முழுக்க வெயிலில் விளக்கெரிகிற வீடு லைன்மேன் வீடுதான். வாசல் பல்பை எரியவிட்டுப் பார்க்கலாமா என்று ஒல்லி கேட்டான். அப்பா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மின்விசிறி சுற்றுகிறது. அவர் தூங்கவில்லை. இன்றைக்கும் அப்படித்தான், கண்ணைத் திறந்துகொண்டு அதையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மனு எழுதாதே. எழுதி வைத்திருந்தால் கிழித்துவிடு. அப்பாவிடம் இதைப் பற்றிப் பேசாதே, அழாதே, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்காதே. வழக்கம்போல் போன் செய். குட்டியை அழவிடு, அந்தச் சத்தத்தை அவர் கேட்கட்டும். உன் வீட்டு வயரிங் பற்றி ஏதாவது தெரியாத மாதிரி கேள். எதையாவது கேட்டால் மனுஷன் எழுந்து உட்கார்ந்து பதில் சொல்வார். தப்பாக வேண்டுமானாலும் கேள், திட்டுவார். அவர் யாரையாவது திட்டிக் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

வர முடியுமானால் வா. முடியாது என்று தெரியும், சும்மா எழுதினேன்.

குட்டிக்கு லேசாகச் சுடுகிறது என்று நீ போனில் சொன்னதிலிருந்து அப்பா வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அந்தப் புறங்கைத் தோலுக்கு இப்போது சூடும் தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை. நேற்று என் நெற்றியில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியலையே என்றார். எனக்குத் தெரிந்தது என்று சொன்னேன்.

பிள்ளை தூங்கும்போது உன் புறங்கையை அவன் நெற்றியில் ஒரு தடவை வைத்து எடு. தாத்தா தொட்டுப் பார்த்தார் என்று அவன் காதில் சொல். நீங்கள் மூவரும் குறையில்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும்.

என்றும் உன் நினைப்பில் இருக்கும்
அம்மா